இருபத்து நான்கு வோல்ட்

வங்கியின் குல்டீகா கிளையை மூடிய மாதம்
ஸிக்மார்ஸ் இரண்டு பெட்டிகளோடு வந்தான்.
செங்கல் நீளம், செங்கல்லைவிடக் கனம்,
ஒன்று பதினைந்து யூரோ.
"புதுசு வாங்கிவிடாதே, விஸ்மா" என்றான்
பனி அப்பிய காலணியைக் கழற்றாமலே.

விலைப்பட்டியலில் நான் ஏற்கெனவே
ஒன்றை வட்டமிட்டு வைத்திருந்தேன்:
வெள்ளி நிறம், சத்தமே வராதாம்,
மூன்று வருட உத்தரவாதம்,
ரொட்டி அடுமனையில் என் ஒன்பது இரவுக் கூலி.

மாவுப்பையின் பின்புறம் கணக்குப் போட்டோம்.
பேட்டரி நான்கு, ஒவ்வொன்றிலும் ஆறு செல்,
பக்கம் பக்கமாய் ஒரே பலகையில்,
ஒரு மணி நேரத்தில் நிரம்ப வேண்டும்.
இருபது ஆம்பியர். இருபத்தைந்து வோல்ட். ஐந்நூறு வாட்.
சார்ஜர் வெப்பமாய் வாயில் போட்டுக்கொள்வதையும் சேர்த்தால்
அறுநூறு.

என்னிடம் இருந்ததோ
செத்த கணினியின் வயிற்றிலிருந்து எடுத்தது.
பன்னிரண்டு வோல்ட், பதினாறு ஆம்பியர்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
போன கோடை முழுக்க
மற்றவர்களின் கிளைடர்கள்
மேகத்தின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருக்க
நான் புல்லில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வோல்ட்டில் அறுநூறு வாட் என்றால்
ஐம்பது ஆம்பியர்.
பெட்டியின் முதுகில் நாற்பத்தேழு என்றிருக்கிறது.
"எழுதியிருப்பதில் முக்கால்வாசியை மட்டும் நம்பு" என்றான்.
அவன் சொல்வதையும் அந்த அளவுக்கே நம்புகிறேன்.
இரண்டையும் தலையும் வாலுமாய்க் கோத்தால்
இருபத்து நான்கு வோல்ட்;
ஆம்பியர் பாதியாகும், கம்பி சுடாது.

செருகியதும் விழிக்கிற ரகமில்லை இவை.
மேலிடத்து உத்தரவு வரவேண்டும்.
இரண்டு ஊசிகளுக்கு நடுவே
அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தேன்.
விசிறி ஊளையிட்டது.
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

பிறகு கோத்தோம்.
நீலமாய் ஒரு பொறி,
ஸிக்மார்ஸின் புருவத்தில் கொஞ்சம் போயிற்று.
இரண்டின் எதிர்முனையும் தகர உடலோடு ஒட்டி,
உடல் எர்த்தோடு ஒட்டி,
இருவரும் ஒரே தரையில் நின்றுகொண்டு
ஒருவர் தோளில் ஒருவர் ஏறப் பார்த்திருக்கிறார்கள்.

"மேலே இருப்பதன் எர்த் கம்பியை வெட்டிவிடு" என்றான்.
மாட்டேன் என்றேன்.
உள்ளே ஏதாவது அறுந்தால்
அந்தத் தகரம் முதலில் கடிப்பது என் கையை.
எர்த் இருக்கட்டும், உடல் தரையில் இருக்கட்டும்,
உள்ளிருக்கும் பலகையை மட்டும் தூக்குவோம்.

ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு
மறுநாள் திருகுகளைக் கழற்றினேன்.
ஒவ்வொன்றின் அடியிலும் நைலான் வளையம்.
ஏழாவது திருகு ஒரு ஒட்டுத்தாளுக்குக் கீழே இருந்தது.
நகத்தால் உரித்தேன்:
*வீட்டுக்கடன் பிரிவு. அடுக்கு மூன்று.*

கொஞ்ச நேரம் திருப்புளியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பதினோரு வருடம்
நான் மாவு பிசைந்த இரவுகளில்
வென்டா ஆற்றங்கரையில் விளக்கணைந்த கட்டடத்தில்
இது விழித்திருந்திருக்கிறது,
என் இரண்டு அறை வீட்டின் வட்டியை
ஒரு நாள் தவறாமல்
யாரோ எண்ணுவதற்கு மின்சாரம் ஊற்றிக்கொண்டு.
கடன் இப்போது வேறு வங்கிக்குப் போய்விட்டது.
பெட்டி என்னிடம் வந்துவிட்டது.

மூடியை மாட்டினேன்.
மீட்டர் முள்ளை வைத்தேன்: 24.4.

சனிக்கிழமை, பழைய ராணுவ ஓடுதளம்.
கான்கிரீட் பிளவில் புல், மேலே ஆறு டிகிரி வெயில்.
கொட்டகைக்குள் பெட்டிகள் ஊளையிட
யாரும் யாரோடும் பேச முடியவில்லை.
"இதைவிடக் கழுதை வளர்க்கலாம்" என்று கத்தினாள் அவுஸ்மா.
நான்கு பேட்டரியும் நிரம்பின.

கைவிட்டதும் ஏறியது.
ஏறிக்கொண்டே இருந்தது.
மோட்டாரை நிறுத்திய பிறகும்
பைன் காட்டின் மேல் ஏதோ ஒரு சூடு
அதை வைத்துக்கொண்டது.
கழுத்து வலித்தது. இறக்க மனமில்லை.

ஐந்தாம் தேதி வழக்கம்போல் தவணை கழிந்தது.
ஸிக்மார்ஸ் தன் முப்பது யூரோவை
இன்னும் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.